தீக்குச்சி நுனியளவு சிவப்பு

மார்ச் 3, செவ்வாய்

ராணுவ லாரி வந்து சேர்ந்தது. மரியாதைக்கு அப்படி எழுதுகிறேன். உண்மையில் கட்டி இழுத்து வந்தார்கள். எஞ்சின் வேலை போன மாதமே முடிந்துவிட்டதாம், பேட்டரிதான் இன்னும் வரவில்லையாம். கல்யாணம் முடிந்தது, மாப்பிள்ளைதான் இன்னும் வரவில்லை என்பது போல.

ஷெட்டுக்குள் பாதிதான் நுழைந்தது. மூக்கு நிழலில், முதுகு வெயிலில். ஏலத்தில் எடுத்த ஒருவர் மரம் ஏற்றினார், அவரிடம் வாங்கியவர் தண்ணீர் ஏற்றினார். இப்போது முன்னாள் படைவீரர் சங்கம் வாங்கியிருக்கிறது. 29ஆம் தேதி சங்கத்துக் கட்டட வாசலில் நிறுத்தி வைக்க வேண்டும். பழைய நிறத்தில்.

கூடவே ஒரு பெரியவர் வந்தார். எழுபதைத் தாண்டியவர். இதே லாரியைப் பதினோரு வருடம் ஓட்டியவராம். வந்ததும் என்னைப் பார்க்கவில்லை, பானட்டைத் தட்டிப் பார்த்தார்.

"அதே பச்சை வேணும் பெயின்டரே. புல்லுப் பச்சை இல்ல, இலைப் பச்சை இல்ல. இதோட பச்சை."

"ஐயா, பச்சைன்னா நமக்குத் தண்ணி பட்ட பாடு" என்றேன்.

வாய். என் வாய் இருக்கிறதே.

அவருக்கு ஜெனரல் என்று பெயர் வைத்துவிட்டேன். ஓட்டுநராகத்தான் ஓய்வு பெற்றாராம். இருக்கட்டும், நான் பதவி உயர்வு கொடுத்தேன்.

இந்த நோட்டு என் மனைவியுடையது. முன்பக்கத்திலிருந்து அவள் எழுதிய கலவைக் குறிப்புகள், எந்த வண்டிக்கு எந்த நிறம் எத்தனை கரண்டி என்று. பின்பக்கத்திலிருந்து நான் கிறுக்குகிறேன். நாலாம் வகுப்பு எழுத்து, கோழி நடந்த மாதிரி இருக்கும். படிக்கப்போவது யார்? அவள் போய் இன்றோடு நாற்பத்து நாலு நாள்.

மார்ச் 4, புதன்

நீலத்தைச் சுரண்டினால் மஞ்சள். மஞ்சளைச் சுரண்டினால் துரு. துருவைச் சுரண்டினால் என் விரல்.

கம்ப்ரசருக்குக் கொழுந்தியாள் என்று பெயர் வைத்திருக்கிறேன். காரணமே இல்லாமல் கத்த ஆரம்பிக்கும், நிறுத்தவும் முடியாது. அவளுடைய தங்கை காதில் இது ஒருநாள் விழுந்து, ஒரு வருடம் என்னோடு பேசவில்லை. அந்த ஒரு வருடம் நன்றாகத்தான் இருந்தது. இப்போது அந்தத் தங்கை வீட்டில்தான் என் வீட்டுக்காரி இருக்கிறாள். தெய்வம் கணக்குத் தீர்க்கும் விதமே தனி.

மார்ச் 6, வெள்ளி

அசல் நிறம் கிடைத்துவிட்டது. சீட்டுக்கு அடியில் கருவிப் பெட்டி, அதன் மூடியின் உட்புறம். முப்பது வருட கிரீஸ் காப்பாற்றி வைத்திருக்கிறது. துணியால் துடைத்தேன், உள்ளங்கை அகலத்துக்கு வழவழவென்று.

ஜெனரல் மூடியை வாங்கி முகத்துக்கு ரொம்பப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு மோந்து பார்த்தார். "ஆறு பேர் இதுல ஏறுவோம். மழைன்னா தார்ப்பாய் ஒழுகும், நடுவுல உட்கார சண்டை போடுவோம்" என்றார். அப்புறம், "ரெண்டு பேர்தான் பாக்கி" என்றார். நான் ஏதாவது கிண்டல் சொல்லலாம் என்று நினைத்தேன். மூடியை வாங்கி மறுபடி துடைத்தேன்.

பக்கத்துப் பட்டறை வெல்டர் எட்டிப் பார்த்தான். "அண்ணே, சூப்பர் பச்சை!"

எனக்கு அது செருப்பில் காய்ந்த சேறு மாதிரி தெரிந்தது.

எழுதிவிடுகிறேன். நோட்டுக்குக் காது இல்லை, வாய் இல்லை. எனக்குப் பச்சை தெரியாது. பச்சையும் பழுப்பும் ஒன்றாகத் தெரியும், அதில் சிவப்பு கலந்தால் அதுவும் அப்படியே. பிறவியிலேயே அப்படி. பள்ளிக்கூடத்தில் மரம் வரையச் சொன்னார்கள், இலைக்கெல்லாம் பழுப்புப் பென்சில் போட்டேன். வாத்தியார் தாளைத் தூக்கிக் காட்டினார், வகுப்பே சிரித்தது. நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். முந்திக்கொண்டு சிரித்துவிட்டால் வலிக்காது என்று அன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன்.

பிறகு ஏன் பெயின்டர் ஆனாய் மடையா? கை நன்றாக இருந்தது. அவ்வளவுதான். பட்டி பூசி, தண்ணீர் விட்டு உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தகரம் கன்னம் மாதிரி ஆகும். ஸ்ப்ரே கன்னைப் பிடித்தால் ஒரு சொட்டு வழியாது. நிறத்துக்கு? அதற்கு அவள் இருந்தாள். கல்யாணமான மூன்றாம் மாதமே கண்டுபிடித்துவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "நானும் வரேன்" என்றாள். அவ்வளவுதான். இருபத்திரண்டு வருடம்.

மார்ச் 8, ஞாயிறு

கடைக்குப் போய்ப் பழம் வாங்கினேன். வீட்டுக்கு வந்து கடித்தால் காய். பல் கூசுகிறது.

துணி துவைத்தேன். அவளுடைய வேலைச் சட்டை ஆணியிலேயே தொங்குகிறது, கையெல்லாம் பெயின்ட். துவைக்கலாம் என்று எடுத்தேன். மறுபடி மாட்டிவிட்டேன்.

கொழுந்தியாளுக்குப் போன் போட்டேன்.

"அக்கா இருக்காளா?"

"இருக்கா. பேச மாட்டாளாம்."

"சும்மா நலம் விசாரிக்கத்தான்."

"நல்லா இருக்காளாம். நீங்களும் நல்லா இருங்க மாமா." வைத்துவிட்டாள். எவ்வளவு நல்ல பெண்.

எதற்குப் போனாள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஜனவரியில் வெல்டர் வீட்டு விருந்து. பஸ் முதலாளி எல்லார் முன்னாலும் என்னைப் புகழ்ந்தார், "இடிபட்ட கதவு எதுன்னே கண்டுபிடிக்க முடியல, என்னா கலர் சேத்திருக்கான்யா!" என்று. பிறகு அவளைப் பார்த்து, "தங்கச்சியும் கூட வேலை பாக்குதா?" என்றார்.

நான் சொன்னேன். நானேதான் சொன்னேன். "இவளா? டப்பா மூடி தொறந்து குடுப்பா. பழம் எது, காய் எதுன்னே இவளுக்கு நான்தான் சொல்லித் தரணும்."

கூடமே சிரித்தது. அவளும் சிரித்தாள். எல்லாத் தட்டையும் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள். காலையில், "தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டு வரேன்" என்றாள். நான், "மெதுவா வா, நிம்மதியா இருப்பேன்" என்றேன்.

அதையும் நான்தான் சொன்னேன்.

மார்ச் 11, புதன்

பட்டி முடிந்து பிரைமரும் அடித்தாயிற்று. இத்தனை நாளும் வெள்ளை, கறுப்பு என்று வேலை எடுத்துச் சமாளித்தேன். வெள்ளை அடிக்கக் கண்ணே வேண்டாம். இனிமேல் பச்சையில்தான் கை வைக்க வேண்டும்.

நோட்டின் முன்பக்கத்தைப் புரட்டினேன். பழைய ஜீப் ஒன்று இருக்கிறது, ஏறக்குறைய இதே நிறம் என்று ஞாபகம். அவள் எழுத்து:

"பச்சை நாலு கரண்டி. மஞ்சள் ஒன்றரை. கறுப்பு முக்கால். சிவப்பு தீக்குச்சி நுனியளவு, அப்புறம் இன்னொரு நுனி. பார்த்து நிறுத்து."

எல்லாப் பக்கத்திலும் கடைசி வரி அதுதான். பார்த்து நிறுத்து. கரண்டியை அளந்துவிடுவேன். தீக்குச்சியை எண்ணிவிடுவேன். அந்தக் கடைசி வரிக்கு நான் எங்கே போவேன்?

மார்ச் 12, வியாழன்

மழை. வேலை இல்லை. தகரக் கூரையில் விழுகிற சத்தத்தில் யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்தது. யாரும் இல்லை.

மார்ச் 14, சனி

அடித்துவிட்டேன்!

வெல்டர் ஊரில் இல்லை, எங்கோ கேட் மாட்டப் போயிருக்கிறான். அவனிடம் ஜாடையாகக் கேட்டுக்கொள்ளலாம் என்ற நினைப்பும் போச்சு. கலந்தேன். நாலு கரண்டி, ஒன்றரை, முக்கால். சிவப்பு ஒரு நுனி வைத்தேன். மாற்றமே தெரியவில்லை. இன்னொரு நுனி. தெரியவில்லை. இன்னும் கொஞ்சம். நுனி போய் முழுக் குச்சி ஆயிற்று. எத்தனை குச்சி என்று கேட்காதே.

மூடியின் பக்கத்தில் ஒரு தீற்றுத் தீற்றி ஜெனரலிடம் காட்டினேன்.

"பாருங்கய்யா, சரியா இருக்கா?"

கிட்டே வைத்துப் பார்த்தார், தள்ளிப் பார்த்தார். "அதேதான்!" என்றார்.

"வெளிச்சத்துல பாருங்க."

"அதேதான்யா! பதினோரு வருஷம் ஓட்டினவன்கிட்ட சொல்றியே!"

மூன்று தடவை கேட்டேன், மூன்று தடவையும் அதட்டினார். கொழுந்தியாளைக் கத்த விட்டு, பானட், இரண்டு கதவு, இடது பக்கம் முழுக்க அடித்து முடித்தேன். ஒரு சொட்டு வழியவில்லை. கண்ணாடி மாதிரி நிற்கிறது. ஜெனரல் சல்யூட் அடித்தார். நானும் அடித்தேன்.

அவள் இல்லாமலே அடித்துவிட்டேன் என்று எழுத நினைத்தேன். எழுதிப் பார்த்தால் சந்தோஷமாக இல்லை.

மார்ச் 16, திங்கள்

வெல்டர் வந்தான். சைக்கிளை ஸ்டாண்டு போடாமலே நின்றான்.

"அண்ணே. லாரிக்கு எதுக்கு சாக்லேட் கலர் அடிச்சிருக்கே?"

மார்ச் 17, செவ்வாய்

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை.

விஷயம் இதுதான். ஜெனரலுக்கு இரண்டு கண்ணிலும் புரை. டாக்டர் ஒரு வருடமாக வெட்டி எடுக்கலாம் என்கிறார், இவர் பயந்துகொண்டு போகவில்லை. அவருக்கு எல்லாமே கலங்கின தேநீர் மாதிரிதான் தெரியுமாம். அந்தக் கண்ணிடம்தான் நான் மூன்று தடவை கேட்டிருக்கிறேன்.

வெல்டர் விடவில்லை. "அவருக்குப் புரை. சரி. உனக்கு என்னண்ணே?"

ஜெனரலும் என்னைப் பார்த்தார். பன்னிரண்டு நாளில் பெரிய லாரியை நிறம் மாற்ற வேண்டும். என் நாக்கில் நாலைந்து வேடிக்கை தயாராக இருந்தது. டப்பா மாறிவிட்டது, வெயில் அதிகம், கடைக்காரன் ஏமாற்றிவிட்டான். ஒன்றைச் சொன்னால் போதும், சிரித்துவிட்டுப் போய்விடுவான்.

சொல்லிவிட்டேன். "எனக்குப் பச்சை தெரியாது மாப்ளே. பொறந்ததுலருந்தே. இத்தனை வருஷம் கலர் கலந்தது நான் இல்ல, உங்கக்கா."

வெல்டர் சிரித்தான். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினான். "அப்போ எங்க வீட்டு விருந்துல…" என்று ஆரம்பித்தான், முடிக்கவில்லை. அவனும் அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தவன்தான்.

ஜெனரல்தான் பேசினார். "குருடனும் குருடனும் சேர்ந்து கலர் பாத்திருக்கோம். சரி. அந்தம்மா இப்ப எங்க?"

"தங்கச்சி வீட்ல. கூப்பிட்டா வர மாட்டா."

"வர வேணாம். நாம போவோம். பேட்டரி வாங்கு."

மார்ச் 19, வியாழன்

பேட்டரி மாட்டியாயிற்று. கொழுந்தியாளுக்குப் போன்.

"நாளைக்கு வரோம்னு அக்காகிட்ட சொல்லு."

"வரோம்னா யாரு மாமா?"

"நானும் ஒரு லாரியும்."

மார்ச் 20, வெள்ளி

விவரமாக எழுத வேண்டும்.

வெல்டர்தான் ஓட்டினான். ஜெனரல் பக்கத்தில் உட்கார்ந்து இல்லாத கியரைப் போட்டுக்கொண்டே வந்தார். வெல்டர் ஒரு கியர் தாமதித்தால் இவர் காலால் கிளட்சை மிதிப்பார், வெறும் தகரத்தில். நான் பின்னால் டப்பாக்களைக் கட்டிப் பிடித்துக்கொண்டு. ஒரு பக்கம் சாக்லேட், மறுபக்கம் சாம்பல் பிரைமர். வழியெல்லாம் ஜனங்கள் நின்று பார்த்தார்கள். யுத்தத்தில் தோற்றுத் திரும்புகிற ஒரே லாரி இதுதான் என்றேன். சிரிக்க யாரும் இல்லை, டப்பாக்கள்தான்.

வழியில் வசனம் தயார் பண்ணினேன். பதினோரு வேடிக்கை. எதில் ஆரம்பித்தால் அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குவாள் என்றுகூட யோசித்து வரிசையாக வைத்திருந்தேன்.

தெரு குறுகல். லாரி முனையிலேயே நின்றுவிட்டது. அத்தனை வாசலிலும் ஆட்கள். அவள் வந்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு. கொஞ்சம் இளைத்திருக்கிறாள். இல்லை, நான்தான் மறந்துவிட்டேனா? அறுபத்தொரு நாள். என்னைப் பார்க்கவில்லை. முதலில் லாரியைத்தான் பார்த்தாள்.

"என்ன இது? நனைஞ்ச செங்கல் மாதிரி?"

பதினொன்றும் போச்சு. கொழுந்தியாள் இடுப்பில் கைவைத்து நிற்கிறாள். தெருவே பார்க்கிறது. வெல்டர் தரையைப் பார்க்கிறான்.

"எனக்குப் பச்சை தெரியாது" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன், கடைசி வாசல்வரை கேட்டிருக்கும். "எந்த வண்டிக்கும் நான் கலர் கலந்ததில்ல. எல்லாம் இவ கலந்தது. அன்னிக்கு விருந்துல நான் சொன்னது பொய். பழம் எது காய் எதுன்னு எனக்குத்தான் தெரியாது. இவதான் எனக்குச் சொல்லுவா."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவள் லாரிக் கதவில் விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்தாள். பிறகு, "டப்பா கொண்டாந்தீங்களா?" என்றாள்.

வாசற்படியில் உட்கார்ந்தாள். கருவிப் பெட்டி மூடியை மடியில் வைத்துக்கொண்டாள். பச்சை, மஞ்சள், கறுப்பு. கிளறினாள், குச்சியைத் தூக்கி வடியவிட்டுப் பார்த்தாள். "தீப்பெட்டி" என்று கையை நீட்டினாள். கொடுத்தேன். ஒரு நுனி சிவப்பு. கிளறல். இன்னொரு நுனி. நிறுத்தினாள். அவள் நிறுத்தும்போது கை எப்படி நிற்கும் என்பது எனக்கு இப்போதும் தெரிகிறது, நிறம்தான் தெரியவில்லை.

மூடியில் பழைய நிறத்தின் நடுவில் விரலால் ஒரு சொட்டு வைத்தாள். "காயட்டும். ஈரத்துல ஒண்ணு காட்டும், காஞ்சா வேற காட்டும்." கொழுந்தியாள் எல்லாருக்கும் தேநீர் கொடுத்தாள். எனக்கும் கொடுத்தாள், சர்க்கரை போட்டே.

காய்ந்த பிறகு வெல்டர் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எங்கக்கா வச்சே? காணோமே!" ஜெனரலுக்கும் தெரியவில்லை, அவருக்கு எதுதான் தெரிந்தது. நான் வாங்கி விரல் நுனியால் தடவினேன். மெல்லிய மேடு. "இங்க" என்றேன்.

அப்போதுதான் என்னைப் பார்த்தாள்.

கிளம்பும்போது கேட்டேன், சுற்றி வளைக்காமல். "வர்றியா?"

"இங்க தையல் கம்பெனியில வேலைக்குப் போறேன். துணிக்கு எந்த நூல்னு என்னைக் கேட்டுத்தான் எடுப்பாங்க. மேஸ்திரியே வந்து கேப்பார்." அதைச் சொல்லும்போது அவள் நின்ற விதம்! இருபத்திரண்டு வருடத்தில் நான் அவளை ஒரு தடவைகூட அப்படி நிற்க விட்டதில்லை.

"நல்லது" என்றேன். வேறு ஒன்றும் சேர்க்கவில்லை.

மூன்று டப்பா கலந்து மூடி போட்டுக் கொடுத்தாள். "முதல் கோட்டு காயட்டும். அப்புறம் பாக்கலாம்."

லாரியையா, என்னையா? கேட்கவில்லை.

மார்ச் 21, சனி

சாக்லேட் முழுவதையும் தேய்த்து எடுத்தேன். தோள் கழன்றுவிட்டது. ஆள் இல்லாத ஷெட்டில் நானே விசில் அடித்துக்கொண்டேன்.

மார்ச் 25, புதன்

இரண்டாம் கோட்டு. வெல்டர் தினமும் வந்து, "பச்சைதாண்ணே, பச்சைதான்" என்று சத்தியம் பண்ணிவிட்டுப் போகிறான். மூன்றாம் டப்பாவின் மூடியைத் திறந்தால் உள்விளிம்பில் அவள் கட்டைவிரல் ரேகை. துடைக்காமல் வைத்திருக்கிறேன்.

மார்ச் 29, ஞாயிறு

லாரி சங்கத்து வாசலில் நின்றது. தலைவர் மேடைக்குக் கூப்பிட்டு, "இந்த நிறத்தைக் கொண்டு வந்த கைக்கு…" என்று ஆரம்பித்தார். "கைதான் என்னுதுங்க, நிறம் என் வீட்டுக்காரியுது" என்றேன். வேடிக்கை என்று நினைத்துக் கைதட்டினார்கள். "இல்லைங்க, நிஜமாத்தான்" என்று மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. பஸ் முதலாளி முன்வரிசையில் இருந்தார். இனி என்னிடம் வண்டி விடுவாரோ, மாட்டாரோ. விடாவிட்டால் போகட்டும். போகட்டும் என்றா சொன்னேன்? இப்போதே அடுத்த மாதச் செலவை விரல் விட்டு எண்ணுகிறேன்.

கூட்டம் கலைந்தபோது பார்த்தேன். லாரியின் பின்சக்கரத்துக்கு அருகில் அவள். எப்போது வந்தாள், தெரியாது. குனிந்து, சக்கரத்துக்கு மேலே இருக்கும் வளைவின் உட்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், யாரும் பார்க்காத இடம்.

"இங்க ஒரு கோட்டுதான் அடிச்சிருக்கீங்க."

"ஆமா."

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?"

"தெரியும்னுதான் நெனச்சேன்" என்றேன்.

பஸ் வந்தது, ஏறிவிட்டாள். சன்னல் பக்கம் உட்கார்ந்தாள். பஸ் திரும்பும்வரை நின்றேன். திரும்பிய பிறகும் நின்றேன்.

ஏப்ரல் 3, வெள்ளி

சங்கத்து வாசலுக்குப் போய் அந்த இடத்தில் இரண்டாம் கோட்டு அடித்துவிட்டு வந்தேன். படுத்துக்கொண்டே.

ஏப்ரல் 9, வியாழன்

ஜெனரலுக்கு ஒரு கண்ணில் புரை வெட்டியாயிற்று. கறுப்புக் கண்ணாடியோடு லாரி முன்னால் நிறுத்தினோம். கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னய்யா இது! இவ்வளவு பச்சையாவா இருக்கும்?"

"மாத்திடவாங்கய்யா?"

"தொட்டே, சுட்டுடுவேன்."

ஏறிச் சீட்டில் உட்கார்ந்தார். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட மாதிரி, "இதேதான்" என்றார். ஆறு பேரும் சண்டை போட்ட அந்த நடு இடத்தைத் திரும்பிப் பார்த்தார். அதற்கு மேல் நான் அங்கே நிற்கவில்லை.

ஏப்ரல் 13, திங்கள்

பஸ் முதலாளி கதவைக் கழற்றி அனுப்பியிருக்கிறார். "தங்கச்சி பாத்தாத்தான் விடுவேன்னு சொல்லு" என்று சொல்லி அனுப்பினாராம். கொழுந்தியாள் வழியாகச் சேதி அனுப்பினேன், வேடிக்கை ஒன்றும் சேர்க்காமல், உள்ளதை உள்ளபடி.

ஏப்ரல் 20, திங்கள்

எழுத இடம் இல்லை. முன்பக்கமும் பின்பக்கமும் முட்டிக்கொண்டன, இந்தத் தாளின் மேல்பாதியை நேற்றே ஒருவர் பிடித்துக்கொண்டார். என் கோழிக்கால் ஓரத்தில்தான் நடக்கிறது.

மேல்பாதியில் இருப்பது: "பஸ் கதவு. பச்சை ரெண்டு கரண்டி. மஞ்சள் அரை. வெள்ளை கால். சிவப்பு தீக்குச்சி நுனியளவு."

அதற்குக் கீழே "பார்த்து நிறுத்து" இல்லை. "என்னைக் கூப்பிடு" என்று இருக்கிறது.

ஆணியில் அவள் சட்டை இல்லை. கரண்டியை எடுத்தேன். கூப்பிட்டேன்.

"வரேன் வரேன். அதுக்குள்ள கலக்கித் தொலைச்சிடாதீங்க!"